சென்ட்ரல் டு கவரைப்பேட்டை... செங்குத்தாக!

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால், எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் சிக்னலுக்காக நிறுத்திவிட்டால் அது தனிக்கதை. தண்டவாளக் கணக்கில் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

இப்போது அந்தத் தண்டவாளத்தை அப்படியே தூக்கி, வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிமிர்த்தி வையுங்கள். சென்ட்ரல் கீழே, கவரைப்பேட்டை உச்சியில். நம் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்று ஒருவர் கீழே குதிக்கிறார். பொன்னேரி போகிறது, மீஞ்சூர் போகிறது, எண்ணூர் போகிறது, திருவொற்றியூர் போகிறது. பேசின் பிரிட்ஜை நெருங்கும்போது பாராசூட்டை விரிக்கிறார். கடிகாரத்தைப் பார்த்தால் 4 நிமிடம் 20 நொடிதான் ஆகியிருக்கிறது.

2012 அக்டோபர் 14 அன்று, அமெரிக்காவின் ரோஸ்வெல் பகுதியில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் செய்தது இதைத்தான். ஹீலியம் பலூனில் தொங்கிய கூண்டிலிருந்து அவர் காலை எடுத்து வைத்த உயரம் 38,969 மீட்டர். எட்டிய உச்ச வேகம் மணிக்கு 1,357 கிலோமீட்டர். விமானம் எதுவும் இல்லாமல், வெறும் உடம்போடு விழுந்து ஒலியின் வேகத்தைத் தாண்டிய முதல் மனிதர் அவர்.

அவர் 2025 ஜூலை 17 அன்று இத்தாலியில் பாராகிளைடிங் விபத்தில் இறந்தார். வயது 56. அன்றைக்கு டெஸ்க்கில் நான்தான் இருந்தேன். ‘விண்வெளியில் இருந்து குதித்த வீரர் மரணம்’ என்று அவசரமாகத் தலைப்பு அடித்தேன். ஏற்றுவதற்கு முன்பு மூத்த உதவி ஆசிரியர் எட்டிப் பார்த்து, ஒரே ஒரு சொல்லை அடித்தார். ‘விண்வெளி’. “அவர் அங்க போகவே இல்லம்மா. கணக்கைப் பாரு” என்றார்.

பார்த்தேன். விண்வெளியின் எல்லை என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உயரம் 100 கிலோமீட்டர். பாம்கார்ட்னர் போனது அதில் பாதிகூட இல்லை. புவியீர்ப்பும் அங்கே குறைந்துவிடுவதில்லை. கீழே 100 கிலோ காட்டும் மூட்டையை அங்கே ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டால் 98.8 கிலோ காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம். உயரம் ஏற ஏற உண்மையில் குறைவது காற்று. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, நம் ஊர்க் காற்றில் முந்நூற்றில் ஒரு பங்கு.

அன்று இரவு வீட்டில் அந்தப் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குடி இவனுக்கு இந்த வேலை? கீழ வுழுறதுக்கா அம்மாம் உசரம் ஏறுனான்?” என்றார். அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவர் கேட்டது வேறு. “நிறுத்தும்போது ஒரு இழுப்பு இழுத்திருக்குமே பாப்பா, அதை எப்படித் தாங்குனான்?”

இரண்டுமே நல்ல கேள்விகள். அப்பாவின் கேள்விக்குப் பதில் சுலபம் என்று நினைத்து அதில் இறங்கினேன். மூன்று நாள் ஆனது.

லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வண்டி மெதுவாகப் போகும்போது காற்று முகத்தைத் தடவும். வேகம் எடுத்தால் அறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். விழும் மனிதருக்கும் இதேதான். வேகம் கூடக் கூட, காற்று கீழிருந்து தள்ளும் விசையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அவருடைய எடையும் காற்றின் தள்ளலும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. சாதாரணமாக நான்கு கிலோமீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து குதிப்பவர்கள், வயிறு கீழே பார்க்க விழுந்தால், மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடுவார்கள்.

பாம்கார்ட்னருக்கு மேலே தடுக்கக் காற்று இல்லை. அதனால் வேகம் ஏறிக்கொண்டே போனது. குதித்து அரை நிமிடம் கடந்த கொஞ்ச நேரத்தில் ஒலியை முந்தினார். 50-வது நொடியில் உச்சம். அப்போது அவர் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தார். அதற்குக் கீழே காற்று கெட்டிப்பட ஆரம்பித்தது. வேகம் தானாகக் குறைய ஆரம்பித்தது. கடைசியில் பாராசூட்டை விரிக்கும் இடத்துக்கு வரும்போது, மற்ற எந்த ஸ்கை டைவரும் விழும் வேகத்தில்தான் அவரும் விழுந்துகொண்டிருந்தார். 39 கிலோமீட்டரில் குதித்தாலும் நான்கு கிலோமீட்டரில் குதித்தாலும், கீழ்க்காற்று எல்லோரையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அப்பா பயந்த அந்தப் பெரிய இழுப்பை, காற்றே நிமிடக் கணக்கில் பிரித்துப் பிரித்து வாங்கிக்கொண்டது.

ஏன் அவர் எரிந்துபோகவில்லை என்று சிலர் கேட்பார்கள். விண்கலம் திரும்பும்போது தீப்பிழம்பாவது உயரத்தால் அல்ல, வேகத்தால். பூமியைச் சுற்றும் கலம் மணிக்கு 28,000 கிலோமீட்டரில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இவர் நின்ற இடத்திலிருந்து விழுந்தவர்.

அப்படியானால் ஆபத்து எதில்? இரண்டு விஷயங்களில். ஒன்று அம்மாவுக்குப் புரியும், அடுக்களை விஷயம்.

குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். பருப்பு சீக்கிரம் வேகும். ஊட்டியில் தலைகீழ். அங்கே அழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் பானையில் அரிசி வேக நேரமாகும். இதையே மேலே மேலே கொண்டுபோங்கள். 19 கிலோமீட்டர் உயரத்தில் தண்ணீர் 37 டிகிரியில் கொதிக்கும். அது நம் உடம்பின் சூடு. அழுத்த உடை இல்லாமல் அங்கே நின்றால் நாக்கின் ஈரமும் கண்ணின் ஈரமும் கொதித்து ஆவியாகும், உடம்பு வீங்கும், சில நொடிகளில் நினைவு தப்பும். நம் நாட்டின் விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பர் 26 அன்று மும்பையிலிருந்து வெப்பக்காற்று பலூனில் 21 கிலோமீட்டருக்கு மேல் ஏறி உலக சாதனை செய்தபோது, அழுத்தம் காக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்து போனது இதனால்தான். அவர் குதிக்கவில்லை, பலூனோடு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 67.

இரண்டாவது ஆபத்துதான் எனக்குப் புதிது. சுழற்சி.

நான்கு கிலோமீட்டரில் குதிப்பவர் கையைக் காலை லேசாகச் சாய்த்தால் காற்று அவரைத் திருப்பும், நிறுத்தும். காற்று அவருக்கு ஒரு மெத்தை மாதிரி. 39 கிலோமீட்டரில் மெத்தை கிடையாது. குதிக்கும்போது உடம்பு ஒரு நூலளவு கோணினாலும் சுழல ஆரம்பிக்கும். ஆரம்பித்ததை நிறுத்தக் காற்று இல்லை. சுழற்சி கூடினால் ரத்தம் தலைக்கும் காலுக்கும் ஒதுங்கும். மயக்கம், மூளைக்குள் ரத்தக்கசிவு.

1950-களில் அமெரிக்க விமானப்படைக்கு இது உயிர்ப் பிரச்சினையாக வந்து நின்றது. ஜெட் விமானங்கள் மேலே மேலே பறக்க ஆரம்பித்திருந்தன. அங்கே விமானம் பழுதானால் விமானி வெளியே குதிக்க வேண்டும். குதித்த உடனே பெரிய பாராசூட்டை விரித்தால், உறைபனிக் குளிரில் ஆக்சிஜன் தீரும்வரை மெதுவாக மிதந்து சாக வேண்டியதுதான். விரிக்காமல் விழுந்தால் சுழற்சி. பொம்மைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அவை நிமிடத்துக்கு 200 சுற்றுவரை சுழன்றன.

பிரான்சிஸ் போப்ரே என்ற பாராசூட் நிபுணர் ஒரு வழி சொன்னார். முதலில் ஆறு அடிக் குட்டிப் பாராசூட் ஒன்று விரியட்டும். அது ஆளை நிறுத்தாது. பட்டத்துக்கு வால் மாதிரி, நிமிர்த்தி மட்டும் வைக்கும். பெரிய பாராசூட் கீழே, காற்று உள்ள இடத்தில் தானாக விரியட்டும். அந்தக் குட்டிக்கு ட்ரோக் பாராசூட் என்று பெயர். இதைப் பொம்மைக்குப் பதிலாக ஆள் போட்டுப் பார்க்க முன்வந்தவர் கேப்டன் ஜோசப் கிட்டிங்கர்.

முதல் முயற்சி 1959 நவம்பர் 16. உயரம் 76,400 அடி. ட்ரோக் நேரத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. போதிய வேகம் இல்லாததால் அது விரியாமல் துவண்டு, கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுற்று. கிட்டிங்கர் நினைவிழந்தார். தானாக விரியும்படி வைத்திருந்த அவசரப் பாராசூட்தான் அவரைத் தரையில் உயிரோடு சேர்த்தது. நானாக இருந்தால் அத்தோடு வேலையை விட்டிருப்பேன். அவர் ஒரு மாதம்கூட ஆகாமல், டிசம்பர் 11 அன்று மறுபடியும் குதித்தார். இந்த முறை ட்ரோக் சரியாக வேலை செய்தது. 1960 ஆகஸ்ட் 16 அன்று மூன்றாவது முறை, 31,333 மீட்டரிலிருந்து. அன்று மேலே போகும் வழியிலேயே வலது கையுறையில் அழுத்தம் போய்விட்டது. சொன்னால் குதிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லாமலே இருந்தார். கை இரண்டு மடங்கு வீங்கியது. இறங்கிய பிறகு சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1962-ல் சோவியத்தின் பியோத்தர் தோல்கோவ் குதிக்கும்போது தலைக்கவசக் கண்ணாடி கூண்டில் மோதி விரிசல்விட்டது. அழுத்தம் போய் இறந்தார். 1966-ல் அமெரிக்காவின் நிக் பியான்டானிடாவின் உடையில் மேலேறும்போதே அழுத்தம் போனது. கோமாவில் நான்கு மாதம் கிடந்து இறந்தார்.

அம்மாவின் கேள்வி இங்கே வருகிறது. இன்னாத்துக்கு?

அதே 1966-ம் ஆண்டு, ஜனவரி 25. எஸ்.ஆர்-71 உளவு விமானம் ஒன்று ஒலியைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில், சுமார் 24 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போது துண்டு துண்டாகச் சிதறியது. விமானி பில் வீவர் பொத்தான் எதையும் அழுத்தக்கூட நேரமில்லை. நினைவு திரும்பியபோது வானத்தில் விழுந்துகொண்டிருந்தார். அழுத்த உடை உப்பியிருந்தது. முதுகில் குட்டிப் பாராசூட் ஏற்கெனவே விரிந்து அவரைச் சுழலவிடாமல் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியதும் தானாக விரிந்தது. ஒரு பண்ணை நிலத்தில் உயிரோடு இறங்கினார். கூட வந்த ஜிம் ஸ்வேயர் பிழைக்கவில்லை.

கிட்டிங்கரின் சாதனை 52 ஆண்டுகள் நின்றது. அதை உடைக்கப் பாம்கார்ட்னர் வந்தபோது தரையிலிருந்து ரேடியோவில் அவருக்கு வழிசொன்ன குரலே கிட்டிங்கருடையதுதான். அப்போது அவருக்கு 84 வயது. அந்தக் குதிப்பு ஒரு பானக் கம்பெனியின் விளம்பரம் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் மருத்துவக் குழுத் தலைவர் ஜோனதன் கிளார்க் யார் என்று படித்தபோது எனக்கு விளம்பரம் மறந்துபோனது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறியதே, நம் கல்பனா சாவ்லா இறந்த நாள், அதில் கல்பனாவோடு இறந்த லாரல் கிளார்க்கின் கணவர். நாசாவின் மருத்துவராக இருந்தவர். அந்த விபத்தில் குழுவினர் பிழைத்திருக்க வழி இருந்ததா என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர். 39 கிலோமீட்டர் குதிப்பு எதுவும் கொலம்பியாவைக் காப்பாற்றியிருக்காது. அதன் உயரமும் வேகமும் மிக அதிகம். ஆனால் இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் மெதுவாக ஒரு கலம் உடைந்தால், உடைக்குள் இருக்கும் மனிதர் ஒலியைத் தாண்டி விழுந்தும் பிழைப்பாரா? அன்றுவரை அளந்து பார்த்த பதில் இல்லை. பாம்கார்ட்னர் பதிலோடு தரையிறங்கினார்.

அவர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ட்ரோக் விரித்தால் வேகம் குறையும், ஒலியைத் தாண்ட முடியாது என்று அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார். வழியில் பயங்கரமாகச் சுழன்றார். நல்லவேளை, காற்று கெட்டிப்பட்டதும் மீண்டார். இரண்டு வருடம் கழித்து, 2014 அக்டோபர் 24 அன்று, கூகுள் நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஆலன் யூஸ்டஸ், 57 வயதில், 41,419 மீட்டரிலிருந்து குதித்தார். கூண்டுகூட இல்லை, பலூனில் நேரடியாகத் தொங்கிக்கொண்டு போனார். முதலிலிருந்தே ட்ரோக் விரித்தார். சுழற்சி இல்லை. ஒலியையும் தாண்டினார். உயர சாதனை இன்றும் அவருடையதுதான். பாம்கார்ட்னரைத் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது இவரைத் தெரியுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். மறுபடியும் அதே 40! வானம் தெளிந்திருந்தால் ராக்கெட் ஏறுவது தெரியும். 2023 அக்டோபர் 21, சனிக்கிழமை. ககன்யான் கலத்தை ஆள் இல்லாமல் ஏற்றி, பாதியில் பிய்த்துக் கடலில் இறக்கும் சோதனை. எட்டு மணிக்கு என்றார்கள். மாடிக்குப் போனோம். மேகம். தள்ளிப்போட்டார்கள். ஐந்து நொடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. ஒருவழியாகப் பத்து மணிக்குக் கிளம்பியதை நாங்கள் போனில்தான் பார்த்தோம். சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் கலம் தனியே பிரிந்து, பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து, கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது. விழுந்தது தலைகீழாக மிதந்தது என்பது பிறகு தெரிந்தது. இப்படியெல்லாம் ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆளில்லாமல் அனுப்புகிறார்கள்.

ஒரு மனிதருக்கு ஆறு அடிக் குட்டியும் ஒரு பெரியதும் போதும். ஐந்து டன் கலத்துக்குப் பத்துப் பாராசூட். மூடியைக் கழற்ற இரண்டு, ட்ரோக் இரண்டு, பெரியவற்றை இழுத்து வெளியே எடுக்க மூன்று, பெரியவை மூன்று. பெரியவை ஒவ்வொன்றும் 25 மீட்டர் அகலம். மூன்றில் இரண்டு விரிந்தாலே கலம் பத்திரமாக இறங்கிவிடும். ஆக்ராவில் உள்ள டி.ஆர்.டி.ஓ ஆய்வகத்தோடு சேர்ந்து இஸ்ரோ உருவாக்கியவை. 2022 நவம்பர் 18 அன்று ஜான்சி பக்கத்தில் பபினாவில், ஒன்று விரியாமல் போனால் என்ன ஆகும் என்று விமானத்திலிருந்து ஐந்து டன் சுமையை வீசிப் பார்த்தார்கள். அதில் ஒரு விவரம் அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெரிய பாராசூட்டை ஒரேயடியாக விரிய விடுவதில்லை. வாயைக் கயிற்றால் சுருக்கி, ஏழு நொடி பாதி விரிந்த நிலையில் வைத்து, பிறகுதான் முழுதாக விடுகிறார்கள்.

அப்பா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துவந்தார். எனக்குத் தெரிந்த பொருள்தான். 2019-ல் அவர் வேலை பார்த்த இடத்தில் ஷெட் கூரையில் ஷீட் உடைந்து விழுந்தார். ஹார்னஸ் மாட்டியிருந்ததால் பாதியில் தொங்கினார். தொடையில் இரண்டு கைநீள ஊதா வரிகளோடு வீட்டுக்கு வந்தார். இடுப்பு பெல்ட் மட்டும் கொடுத்திருந்த காலமாக இருந்தால் முதுகெலும்பு போயிருக்கும் என்றார். ஹார்னஸ் கயிற்றில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். உள்ளே பட்டை மடித்து மடித்துத் தைத்திருக்கும். ஆள் விழுந்தால் தையல் சரசரவென்று பிரிந்துகொண்டே வந்து இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். ஒருமுறை பிரிந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அந்தப் பிரிந்த பட்டையைத்தான் எடுத்துவந்தார். “இதுவும் ஏழு செகண்ட் மாதிரிதானே பாப்பா?” இதற்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் வேலை அதேதான் என்றேன்.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. பாம்கார்ட்னர் இறந்து ஐந்து வாரம். ஸ்ரீஹரிகோட்டா கடற்கரைக்கு அருகே சினூக் ஹெலிகாப்டர் 4.8 டன் மாதிரிக் கலத்தைத் தூக்கிப்போய், மூன்று கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. பாராசூட்டுகள் வரிசைப்படி விரிந்தன. கலத்தை மீட்டுக் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த அக்டோபரில், ஆக்ரா ஆய்வகத்தின் இன்னொரு பாராசூட்டோடு விங் கமாண்டர் விஷால் லகேஷ், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர்கள் ஆர்.ஜே.சிங், விவேக் திவாரி ஆகிய மூவர் 32,000 அடியிலிருந்து குதித்தார்கள். எவரெஸ்ட் உச்சியைவிட ஏறக்குறைய 900 மீட்டர் அதிகம். நம் படைகள் பயன்படுத்தும் பாராசூட்டுகளில் 25,000 அடிக்கு மேல் விரிக்கக்கூடியது அது ஒன்றுதான். ககன்யானுக்காகப் பயிற்சி பெற்ற நால்வரில் ஒருவரான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதை அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு அம்மா ‘இன்னாத்துக்கு’ என்று கேட்கவில்லை.

வேறு ஒன்று கேட்டார். “மூணுல ரெண்டு போதும்னா மூணாவது எதுக்கு?”

அப்பா ஹெலிகாப்டர் வீடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “எனக்கு ரெண்டு ஹூக் குடுத்திருக்காங்களே, அதுக்குத்தான். ஒண்ணைக் கழட்டி நகர்த்தும்போது இன்னொண்ணு மாட்டியிருக்கணும்.”

“நீங்க மாட்டுறீங்களா?”

அப்பா பதில் சொல்லாமல் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டார். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார்.